80 ஷில்லிங் என்ற வாக்குறுதி: பிரிட்டனின் தானியச் சட்டங்கள் (1815–1846), ஒரு நிகழ்வு ஆய்வு

1815 மார்ச் 23 அன்று அரச ஒப்புதல் பெற்ற பிரிட்டனின் தானிய இறக்குமதிச் சட்டம் ஒரே ஓர் எண்ணைச் சுற்றிக் கட்டப்பட்டது: ஒரு குவார்ட்டர் கோதுமைக்கு 80 ஷில்லிங். உள்நாட்டுச் சராசரி விலை அதைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமை ஒரு மணிகூட உள்நாட்டு விற்பனைக்கு வரக்கூடாது. தொட்டுவிட்டால் தீர்வையே இல்லாமல் எவ்வளவு வேண்டுமானாலும் வரலாம். விவசாயிக்குக் கட்டுபடியாகும் விலையைச் சட்டமே உறுதி செய்துவிட்டது என்று நாடாளுமன்றம் நம்பியது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1822இல், அந்தக் கோதுமையின் ஆண்டுச் சராசரி விலை 44 ஷில்லிங் 7 பென்னி. அந்த ஆண்டு முழுவதும் வெளிநாட்டுக் கோதுமைக்குத் துறைமுகங்கள் மூடியே இருந்தன.

தானியச் சட்டங்களைப் பெரும்பாலும் நிலப்பிரபுக்களுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் நடந்த அரசியல் சண்டையாகவே எழுதுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் விவசாயியைப் பாதுகாக்கப் போட்ட தீர்வை அவனையே எப்படித் தாக்கியது என்பதை அறிய மேடைப் பேச்சுகள் போதாது. தீர்வை எந்த விலையைப் பார்த்து மாறியது, அந்த விலையை யார் எப்படிக் கணக்கிட்டார்கள், கிடங்கில் சரக்கு வைத்திருந்தவர் எந்த வாரத்தில் அதை வெளியே எடுத்தார் என்று பார்க்க வேண்டும். தீர்வையின் அளவைவிட அதன் அமைப்புதான் குத்தகை விவசாயியை அதிகம் காயப்படுத்தியது என்பதே இந்த ஆய்வின் முடிவு.

முதலில் அளவுகள். ஒரு குவார்ட்டர் என்பது 8 புஷல் கொண்ட முகத்தல் அளவு. நல்ல கோதுமையானால் ஏறக்குறைய 480 பவுண்டு, நம் கணக்கில் 218 கிலோ. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக 80 ஷில்லிங் என்பது 4 பவுண்டு. 100 கிலோ மூட்டைக்கு 37 ஷில்லிங் அளவில் வரும். தென் இங்கிலாந்தில் ஒரு விவசாயக் கூலியாளின் வாரக் கூலி அப்போது 8 முதல் 10 ஷில்லிங். அதில் பெரும்பங்கு ரொட்டிக்கே போனது.

80 என்ற எண் எப்படி வந்தது

தானிய இறக்குமதிக்கு விலை வரம்பு வைப்பது 1815இல் தொடங்கியதல்ல. 1791 சட்டப்படி உள்நாட்டு விலை 50 ஷில்லிங்குக்குக் கீழே இருந்தால் குவார்ட்டருக்கு 24 ஷி. 3 பெ. தீர்வை, 54க்கு மேல் போனால் வெறும் 6 பென்னி. 1804இல் அந்தக் கீழ்வரம்பு 63 ஆனது. பிரான்சுடன் நடந்த போர் இந்த வரம்புகளைப் பொருளற்றதாக்கியது. போர்க்கால முற்றுகை, தொடர் விளைச்சல் குறைவு, காகிதப் பணம் மூன்றும் சேர்ந்து 1812இல் ஆண்டுச் சராசரியை 126 ஷி. 6 பென்னிக்கு ஏற்றிவிட்டன. மேய்ச்சல் நிலமும் மேட்டுப் புறம்போக்கும் உழவுக்கு வந்தன. புதிய குத்தகைகள் அந்த விலையைக் கணக்கில் வைத்தே எழுதப்பட்டன. பல இடங்களில் குத்தகைத் தொகை போருக்கு முன் இருந்ததைப்போல் இருமடங்கானது.

1813இல் நல்ல விளைச்சல். போரும் முடியும் தறுவாயில் இருந்தது. 1814இன் சராசரி 74 ஷி. 4 பெ., 1815இல் 65 ஷி. 7 பெ. நாடாளுமன்றக் குழுக்கள் முன் வந்த நில முகவர்களும் பெருவிவசாயிகளும் 80 ஷில்லிங்குக்குக் குறைந்தால் கட்டாது என்ற பாணியில் சாட்சி சொன்னார்கள். அவர்கள் காட்டிய சாகுபடிச் செலவில் மிகப் பெரிய இனங்களில் ஒன்று குத்தகை. அந்தக் குத்தகையோ போர்க்கால விலையைப் பார்த்து நிர்ணயித்தது. அதாவது உயர்ந்த விலையால் உயர்ந்த குத்தகையைச் செலவாகக் காட்டி, அந்தச் செலவுக்கு ஈடாக உயர்ந்த விலையைச் சட்டமாக்கக் கேட்டார்கள். பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ அடித்துச் சொன்னது இதைத்தான்: குத்தகை கொடுப்பதால் தானிய விலை ஏறவில்லை, தானிய விலை ஏறியதால்தான் குத்தகை கொடுக்கப்படுகிறது. எதிர்ப்பக்கம் நின்ற இன்னொரு பொருளாதார அறிஞர் மால்தஸும் அற்ப வாதம் செய்யவில்லை. உணவுக்கு அயல்நாட்டை நம்புவது போர்க்காலத்தில் ஆபத்து என்ற அவருடைய கவலைக்கு அப்போது முடிந்திருந்த போரே சாட்சி.

மசோதா விவாதத்தில் இருந்தபோது லண்டனில் கலவரம் வெடித்தது. அதைக் கொண்டுவந்த ஃபிரெடரிக் ராபின்சனின் வீடு தாக்கப்பட்டது. அங்கே துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. படைக் காவலோடுதான் சட்டம் நிறைவேறியது.

1815 சட்டம் நடந்த விதம்

இங்கிலாந்து, வேல்ஸ் கடற்கரைகள் 12 மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அந்த மாவட்டச் சந்தைகளின் சராசரியைப் பிப்ரவரி 15, மே 15, ஆகஸ்ட் 15, நவம்பர் 15 என்று ஆண்டில் நான்கு முறை பார்ப்பார்கள். 80 ஷில்லிங் எட்டியிருந்தால் அடுத்த மூன்று மாதம் துறைமுகம் திறந்திருக்கும், எட்டாவிட்டால் மூடியிருக்கும். கனடா உள்ளிட்ட பிரிட்டிஷ் வட அமெரிக்கக் கோதுமைக்கு வரம்பு 67. மூடிய காலத்திலும் வெளிநாட்டுத் தானியத்தைக் கொண்டுவந்து சுங்கக் கிடங்கில் பூட்டி வைக்கலாம். உள்நாட்டில் விற்கத்தான் முடியாது.

சட்டம் எழுதியவர்கள் ஓர் ஆபத்தை முன்கூட்டியே கண்டார்கள். ஐடர் ஆற்றிலிருந்து பிடசோவா ஆறுவரை, அதாவது வட ஜெர்மன் கரையிலிருந்து பிரான்ஸ்–ஸ்பெயின் எல்லைவரை, உள்ள துறைமுகங்கள் மிக அருகில் இருந்தன. கதவு திறந்த செய்தி போன சில நாளில் அங்கிருந்து சரக்கு வந்து குவிந்துவிடும். எனவே, திறந்த ஆறு வாரத்துக்குள் சராசரி 80க்குக் கீழே இறங்கினால் அந்தத் துறைமுகங்களுக்கு மட்டும் மீண்டும் அடைப்பு என்று தனி விதி வைத்தார்கள். பால்டிக் கரைக்கு அந்த விதி இல்லை. ஆனால் நவம்பர் 15இல் திறந்து என்ன பயன்? அதற்குள் டான்சிக், கோனிக்ஸ்பர்க் பக்கம் பனி உறையத் தொடங்கிவிடும். அங்கிருந்து பெரிய அளவில் கப்பல் கிளம்ப வசந்தம் வரவேண்டும்.

நடந்ததும் அதுவே. 1815 ஏப்ரலில் தம்போரா எரிமலை வெடித்து, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போனது. அறுவடை அழிந்தது. 1816 நவம்பரில் துறைமுகம் திறந்தது. சரக்கு பெருவாரியாக வந்ததோ 1817இல். ஏழைகள் பசியோடு கழித்த குளிர்காலம் அதற்குள் முடிந்திருந்தது. 1817இன் சராசரி 96 ஷி. 11 பெ. 1818இல் ஏராளமாக இறக்குமதியானது. 1819 பிப்ரவரியில் கோதுமைக்குத் துறைமுகம் மூடியது.

மூடிய பிறகுதான் உண்மையான சோதனை. வெளிநாட்டுப் போட்டியே இல்லை. இருந்தும் 1820இல் 67 ஷி. 10 பெ., 1821இல் 56 ஷி. 1 பெ., 1822இல் 44 ஷி. 7 பெ. என்று விலை இறங்கியது. காரணங்கள் மூன்று. நாடு தன் தேவையின் பெரும்பங்கைத் தானே விளைவித்ததால், நல்ல விளைச்சல் ஆண்டில் விலையைத் தீர்மானித்தது வெளிநாடு அல்ல, உள்நாட்டு உபரி. போரில் உழவுக்கு வந்த நிலம் அந்த உபரியைப் பெருக்கியது. இரண்டாவது அயர்லாந்து: 1806 முதல் ஐரிஷ் தானியம் பிரிட்டனுக்குள் தீர்வையின்றி வந்தது. 1838இல் அது 30 லட்சம் குவார்ட்டரைத் தாண்டியது, பெரும்பகுதி ஓட்ஸ். மூன்றாவது, 1819 சட்டப்படி பவுண்டு மீண்டும் தங்கத்தோடு கட்டப்பட்டதால் எல்லாப் பொருளின் விலையும் சரிந்தது. இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் சுங்கச்சாவடியில் தடுக்க முடியாது.

குத்தகைக்காரனின் கணக்கை ஒரு மாதிரிக்குப் போட்டுப் பார்ப்போம். 25 ஏக்கர் கோதுமை, ஏக்கருக்கு இரண்டரை குவார்ட்டர், விதையும் வீட்டுச் செலவும் போக விற்பனைக்கு 50 குவார்ட்டர் என்று வைத்துக்கொள்வோம். 80 ஷில்லிங்கில் வரவு 200 பவுண்டு. 44 ஷி. 7 பென்னியில் 111 பவுண்டு 9 ஷில்லிங் சொச்சம். குத்தகையோ ரொக்கத்தில், 80ஐ நம்பி எழுதியது. ஏழைவரியும் தேவாலயத்துக்குச் செலுத்தும் பத்திலொரு பங்கும் தனி. முதலில் பாக்கி விழும். பிறகு நிலப்பிரபு கொஞ்சம் தள்ளுபடி தருவார். பிறகு உழவு மாடும் வண்டியும் ஏலத்துக்குப் போகும். சட்டம் குத்தகையை உயரத்தில் நிற்கவைத்தது. விலையை நிற்கவைக்க அதனால் முடியவில்லை. 1821இல் கூடிய நாடாளுமன்றக் குழுவில் ஹஸ்கிசனும் ரிக்கார்டோவும் இருந்தார்கள். அதன் அறிக்கையும் இந்தச் சட்டத்தின்மேல் அதிக நம்பிக்கை காட்டவில்லை. 1822இல் வரம்பை 70 ஆக்கி, அதற்கு மேல் படிப்படியான தீர்வை வைத்து ஒரு திருத்தச் சட்டம் வந்தது. ஆனால் விலை முதலில் ஒருமுறை 80ஐத் தொட்டால்தான் அது நடைமுறைக்கு வரும் என்று நிபந்தனை போட்டார்கள். விலை தொடவே இல்லை. அந்தச் சட்டம் ஒரு நாள்கூட நடைமுறைக்கு வராமலே 1828இல் மறைந்தது.

1828: ஏறியிறங்கும் தீர்வை

திறப்பு, அடைப்பு என்ற இரண்டே நிலை ஆபத்து என்று உணர்ந்து, வெலிங்டன் அரசு 1828இல் எப்போதும் இறக்குமதிக்கு இடம் தரும் ஏறியிறங்கும் தீர்வையைக் கொண்டுவந்தது. உள்நாட்டு விலை குறையக் குறையத் தீர்வை ஏறும். விலை ஏற ஏறத் தீர்வை இறங்கும். கோதுமைக்கான முக்கியப் படிகள் இவை:

62 ஷில்லிங்கில்: 24 ஷி. 8 பெ.
66இல்: 20 ஷி. 8 பெ.
67இல்: 18 ஷி. 8 பெ.
68இல்: 16 ஷி. 8 பெ.
69இல்: 13 ஷி. 8 பெ.
70இல்: 10 ஷி. 8 பெ.
71இல்: 6 ஷி. 8 பெ.
72இல்: 2 ஷி. 8 பெ.
73உம் அதற்கு மேலும்: 1 ஷி.

66க்குக் கீழே விலை ஒரு ஷில்லிங் இறங்கினால் தீர்வை ஒரு ஷில்லிங் ஏறும். 66க்கு மேலேதான் படிகள் செங்குத்தாகின்றன: விலை 7 ஷில்லிங் ஏறுவதற்குள் தீர்வை 19 ஷி. 8 பெ. இறங்கிவிடுகிறது. கோளாறு முழுவதும் இந்தச் சரிவில் இருக்கிறது.

டான்சிக் கோதுமையை வாங்கி, கப்பல் கூலி, காப்பீடு, கிடங்கு வாடகை, வட்டி எல்லாம் சேர்த்து 45 ஷில்லிங் அடக்கத்தில் லண்டன் சுங்கக் கிடங்கில் வைத்திருக்கும் ஒரு வணிகரை எடுத்துக்கொள்வோம். சந்தை விலை 66 ஆக இருக்கும்போது எடுத்து விற்றால் தீர்வை போக நிற்பது 45 ஷி. 4 பெ.; லாபம் 4 பென்னி. 73 வரை காத்திருந்தால் நிற்பது 72 ஷில்லிங். லாபம் 27 ஷில்லிங். உள்நாட்டு விவசாயிக்கு அதே ஏற்றத்தில் கூடுதலாகக் கிடைப்பது 7 ஷில்லிங்தான். எனவே பற்றாக்குறை தலைகாட்டும் நேரத்தில், 66இலிருந்து 72 வரை, எந்த வணிகரும் சரக்கை வெளியே எடுக்கமாட்டார். சரக்கு வராததால் விலை இன்னும் ஏறும். 73ஐத் தொட்ட வாரத்தில் எல்லாரும் ஒன்றாக எடுப்பார்கள்.

ஏன் ஒரே வாரத்தில்? அதற்குச் சராசரி எடுத்த முறையைப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட சந்தை ஊர்களில் தானியம் வாங்கும் வியாபாரிகள், வாங்கிய அளவையும் கொடுத்த விலையையும் வாரந்தோறும் எழுத்தில் ஆய்வாளரிடம் கொடுக்க வேண்டும். அவர் தொகுத்து லண்டனுக்கு அனுப்புவார். அங்கே தானியக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் மொத்தப் பணத்தை மொத்த அளவால் வகுத்து நாட்டின் வாரச் சராசரியை எடுப்பார். வில்லியம் ஜேக்கப் நீண்டகாலம் அந்தப் பொறுப்பில் இருந்தார். கடைசி ஆறு வாரச் சராசரிகளின் சராசரியே தீர்வையைத் தீர்மானிக்கும். அது அரசிதழில் வந்து, துறைமுகச் சுங்க அதிகாரிகளுக்கும் போகும். ஒரு வாரத்தின் திடீர் ஏற்றத்தைப் பார்த்துத் தீர்வை துள்ளக்கூடாது என்பதே ஆறு வாரம் வைத்ததன் நோக்கம். நோக்கம் நல்லது, விளைவு வேறு.

ஒரு மாதிரிக் கணக்கு: ஆறு வாரங்களின் சராசரி முறையே 70, 71, 72, 74, 75, 76. கூட்டினால் 438, ஆறால் வகுத்தால் 73. தீர்வை 1 ஷில்லிங். கிடங்குகள் திறக்கின்றன, சரக்கு கொட்டுகிறது, அடுத்த வாரச் சந்தை விலை 66க்கு விழுகிறது. பழைய 70 கணக்கிலிருந்து போய் 66 சேர்கிறது: கூட்டுத்தொகை 434, சராசரி 72 ஷி. 4 பெ., தீர்வை 2 ஷி. 8 பெ. மறுவாரம் விலை 62. இப்போது சராசரி 70 ஷி. 10 பெ., தீர்வை 10 ஷி. 8 பெ. சந்தையில் விலை 62ஆக இருக்கும்போது 24 ஷி. 8 பெ. காப்பு உண்டு என்று சட்டம் விவசாயிக்குச் சொல்லியிருந்தது. அவனுக்குக் கிடைத்ததோ அதில் பாதிகூட இல்லை. அந்தக் காப்பும், சரக்கு முழுவதும் உள்ளே வந்த பிறகுதான் வந்தது. வணிகருக்கோ 1 ஷில்லிங் தீர்வை ஓரிரு வாரமே நிற்கும் என்று தெரியும். தவறவிட்டால் விலையும் விழும், தீர்வையும் ஏறும். இரண்டு பக்கமும் அடி. அதனால்தான் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள்.

இதில் விவசாயிக்கு மிகக் கொடிய பகுதி மாதம். பழைய சரக்கு தீர்ந்து புதியது வராத ஆகஸ்ட், செப்டம்பரில்தான் விலை ஆண்டின் உச்சத்தில் இருக்கும். எனவே தீர்வை அடிமட்டத்துக்கு வருவதும் அப்போதுதான். இங்கிலாந்தின் சிறு குத்தகைக்காரன் அரையாண்டுக் குத்தகைக்காகச் செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் நாளுக்குள் பணம் புரட்டவேண்டும். களத்திலிருந்து அவசரமாக அடித்து, ஈரம் காயாத புதுக் கோதுமையை அவன் சந்தைக்குக் கொண்டுவரும் அதே வாரங்களில், கிடங்கில் மாதக்கணக்கில் உலர்ந்து, மண்வாரியால் புரட்டிப் புரட்டிப் பக்குவமாகக் காத்த பால்டிக் கோதுமை பக்கத்தில் வந்து நிற்கும். காத்திருந்து விற்கும் வசதி பெருவிவசாயிக்கு உண்டு. இவனுக்கு இல்லை.

1838 இதற்குத் தெளிவான சான்று. ஆண்டின் தொடக்கத்தில் ஐம்பதுகளில் இருந்த விலை கோடை முடிவில் எழுபதைத் தாண்டியது. செப்டம்பரில் தீர்வை 1 ஷில்லிங் ஆனது. அடைத்து வைத்திருந்த 10 லட்சம் குவார்ட்டருக்கும் மேல் ஒரே வீச்சில் வெளியேறியது. அரசுக்கும் வருவாய் இல்லை: ஆண்டு இறக்குமதியில் மிகப் பெரும்பங்கு குவார்ட்டருக்கு 1 ஷில்லிங் மட்டுமே கட்டியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தானியத்துக்கு வெளிநாடுகளுக்குக் கொடுக்கவேண்டிய பணம் தங்கமாகப் போனது. ஆண்டுதோறும் சீராக வாங்கியிருந்தால் விற்ற நாடுகளும் பிரிட்டிஷ் துணியும் இரும்பும் வாங்கி ஈடுகட்டியிருக்கும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திடீரென்று வந்து வாங்குபவரிடம் யாரும் அப்படிக் கணக்கு வைப்பதில்லை. 1839இல் இங்கிலாந்து வங்கி தன் தங்கக் கையிருப்பைக் காக்க பாரிஸ் வங்கிகளிடம் 20 லட்சம் பவுண்டு கடன் ஏற்பாடு செய்யும் நிலைக்கு வந்தது.

சராசரியில் இன்னும் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று மோசடி. லண்டன் மார்க் லேன் சந்தையிலும் பெரிய ஊர்களிலும் ஒரே சரக்கை இரண்டு மூன்று கை மாற்றி உயர்ந்த விலையில் பதிவுசெய்தால் சராசரி ஏறும். 72இன் அருகில் நிற்கும்போது சில பென்னி ஏற்றமே குவார்ட்டருக்குப் பல ஷில்லிங் தீர்வையை மிச்சப்படுத்தும். இன்னொன்று தரம். இதில் யாருடைய தவறும் இல்லை, ஆனாலும் கேடு பெரிது. மழையில் நனைந்த அறுவடை ஆண்டில் சந்தைக்கு வருவது பெரும்பாலும் முளைவிட்ட, ஈரக் கோதுமை. அதன் விலை குறைவு. நல்ல கோதுமை கிடைப்பதே அரிது, அதன் விலை எங்கோ இருக்கும். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் கலந்து சராசரி தாழ்ந்தே நிற்கும். ரொட்டிக்கு நல்ல மாவு கிடைக்காத ஆண்டிலேயே சராசரி தீர்வையை உயர்த்தி வைத்தது. 1845 இலையுதிர் காலத்தில் பிரதமர் ராபர்ட் பீல் எதிர்கொண்ட குழப்பங்களில் இதுவும் ஒன்று.

பால்டிக் தானியம் வெள்ளமாக வந்துவிடும் என்ற அச்சமே மிகைப்படுத்தியது என்பதை ஜேக்கப் 1820களில் போலந்து, பிரஷ்யா பகுதிகளை நேரில் பார்த்து எழுதிய அறிக்கைகள் காட்டின. அங்கே உபரி குறைவு. உள்நாட்டிலிருந்து ஆற்றுவழி கொண்டுவரும் செலவும் சேதாரமும் அதிகம். அந்தச் செலவே ஒரு தீர்வைபோல் பிரிட்டிஷ் விவசாயியைக் காத்துவந்தது. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

பீலின் 1842 திருத்தம்

1841 தேர்தலில் அப்போது ஆட்சியில் இருந்த விக் கட்சி குவார்ட்டருக்கு 8 ஷில்லிங் என்ற நிலையான தீர்வையை முன்வைத்துத் தோற்றது. நிலையான தீர்வையை எதிர்த்தவர்களின் வாதம் வலுவானது: பஞ்ச ஆண்டில் எந்த அரசாலும் ரொட்டிமேல் 8 ஷில்லிங் வசூலித்துக்கொண்டிருக்க முடியாது. ஆட்சிக்கு வந்த பீல் ஏறியிறங்கும் முறையை வைத்துக்கொண்டு அதன் சரிவைக் குறைத்தார். 51க்குக் கீழே உச்சத் தீர்வை 20 ஷில்லிங்; 52 முதல் 55 வரை மாறாமல் 18; 66 முதல் 69 வரை மாறாமல் 6; 73க்கு மேல் 1. சராசரி எடுக்கும் ஊர்களையும் கூட்டினார். முந்தைய வணிகரின் கணக்கை இதில் போட்டால் 66இல் கையில் நிற்பது 60 ஷில்லிங், 73இல் 72. காத்திருப்பதன் பலன் 26 ஷி. 8 பென்னியிலிருந்து 12 ஷில்லிங்காகக் குறைந்தது. நோயை அவர் சரியாகக் கண்டார் என்பதற்கு அந்த இடைச்சமதளங்களே சான்று. இருந்தும் விலையைவிட வேகமாக லாபம் ஏறும் அமைப்பு போகவில்லை.

1843இல் கனடா கோதுமைக்கு 1 ஷில்லிங் மட்டும் என்று தனிச் சலுகை வந்தது. பதிலுக்குக் கனடா அமெரிக்கக் கோதுமைமேல் 3 ஷில்லிங் வசூலிக்கவேண்டும். அமெரிக்கக் கோதுமையைக் கனடாவில் அரைத்தால் அது கனடா மாவாகவே கருதப்பட்டது. இதை நம்பி அங்கே மாவு ஆலைகளில் முதலீடு போனது. 1846இல் தானியச் சட்டமே நீக்கப்பட்டதால் மூன்றே ஆண்டில் சலுகைக்குப் பொருளில்லாமல் போய், 1849இல் மான்ட்ரியல் வணிகர்கள் அமெரிக்காவோடு சேர்ந்துவிடலாம் என்று அறிக்கை விடும் அளவுக்கு நிலைமை முற்றியது.

நீக்கம்

மான்செஸ்டரில் 1838–39இல் எழுந்த தானியச் சட்ட எதிர்ப்புச் சங்கம், ரிச்சர்ட் காப்டன், ஜான் பிரைட் தலைமையில், 1840இல் வந்த ஒரு பென்னித் தபாலைப் பயன்படுத்தி நாடெங்கும் துண்டறிக்கைகளை அனுப்பியது. அந்த வேகத்தில் 1843இல் வார இதழ் ஒன்றைத் தொடங்கிய ஜேம்ஸ் வில்சன்தான் பின்னர் இந்தியாவுக்கு நிதி உறுப்பினராக வந்து, 1860இல் இங்கே வருமான வரியை அறிமுகம் செய்து, அதே ஆண்டு கல்கத்தாவில் இறந்தவர்.

1845 இலையுதிர் காலத்தில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு அழுகியது. பீல் அமெரிக்காவிலிருந்து 1 லட்சம் பவுண்டுக்கு மக்காச்சோளம் வாங்க இரகசியமாக ஏற்பாடு செய்தார். தீர்வையை நிறுத்திவைத்தால் திரும்பக் கொண்டுவர முடியாது என்று அவருக்குத் தெரியும். டிசம்பரில் பதவி விலகி, எதிர்க்கட்சியால் அரசு அமைக்க முடியாததால் திரும்பி வந்து, 1846 ஜனவரி 27 அன்று நீக்கத் திட்டத்தை அறிவித்தார். மே மாதம் கீழவை 327க்கு 229 என்ற கணக்கில் நிறைவேற்றியது. அவருடைய சொந்தக் கட்சியில் பெரும்பான்மை எதிர்த்து வாக்களித்தது. ஜூன் 25 இரவு மேலவை ஒப்புதல் தந்தது. அதே இரவில் அயர்லாந்து அடக்குமுறை மசோதாவில் தோற்று அவர் ஆட்சி கவிழ்ந்தது.

நீக்கம் உடனடியல்ல. 1849 பிப்ரவரி 1 வரை ஒரு குறுகிய படி: 48க்குக் கீழே 10 ஷில்லிங், 53க்கு மேல் 4. அதன்பின் பதிவுக்காக 1 ஷில்லிங் மட்டும். ஈடாக, வயல்களில் வடிகால் குழாய் பதிக்க 20 லட்சம் பவுண்டு அரசுக் கடன். நீர் தேங்கும் களிமண் நிலத்தில் இந்த வடிகால் மகசூலைக் கூட்ட உதவியது.

அயர்லாந்தை இது காப்பாற்றவில்லை. அங்கே பஞ்சம் விலையால் மட்டும் வந்ததல்ல. உருளைக்கிழங்கு போன பிறகு வாங்கிச் சாப்பிடக் கையில் காசே இல்லாத குடும்பங்கள் அவை. அரசு நிவாரணம் காலத்தில் போய்ச் சேரவில்லை. பஞ்ச காலத்திலும் தானியம் அங்கிருந்து கப்பலேறியது. சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள்.

நீக்கத்துக்குப் பின்

1847 மே முடிவில் வாரச் சராசரி 102 ஷி. 5 பென்னியைத் தொட்டது. நாலாபக்கமும் ஆர்டர் போன சரக்கு கோடையில் வந்து இறங்க, செப்டம்பருக்குள் விலை பாதிக்கும் கீழே போனது. லண்டனின் பெரிய தானிய நிறுவனங்கள் வரிசையாகத் திவாலாயின. இங்கிலாந்து வங்கியின் அப்போதைய ஆளுநருடைய நிறுவனமும் அதில் ஒன்று. 1851இல் ஆண்டுச் சராசரி 38 ஷி. 6 பெ. பாதுகாப்புவாதிகள் சொன்ன அழிவு வந்துவிட்டதாகத் தோன்றியது. ஆனால் 1835இல், முழுப் பாதுகாப்பின் கீழும், அது 39 ஷி. 4 பென்னிக்கு வந்திருந்தது. 1854இல் கிரிமியப் போரோடு 72 ஷி. 5 பெ. அதன்பின் இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஐம்பதை ஒட்டியே நின்றது. கறி, பால், கம்பளி விலை ஏறியதால் கலப்புப் பண்ணை வைத்தவன் பிழைத்தான். குத்தகைத் தொகையும் விழவில்லை.

அடி விழுந்தது 1870களின் இறுதியில். அமெரிக்கப் புல்வெளிகளுக்கு ரயில் போனது, நீராவிக் கப்பல் மலிவானது. சிகாகோவிலிருந்து லிவர்பூலுக்கு ஒரு குவார்ட்டர் கோதுமை கொண்டுவர 1870களில் சராசரியாக 11 ஷில்லிங் ஆனது. நூற்றாண்டு திரும்பும்போது ஏறக்குறைய 3. ஜேக்கப் கண்ட அந்த இயற்கைக் காப்பு உருகிவிட்டது. 1894இன் சராசரி விலை 22 ஷி. 10 பெ. 1870களின் நடுவில் 36 லட்சம் ஏக்கராக இருந்த கோதுமைப் பரப்பு 1895இல் 14 லட்சமாகச் சுருங்கியது. மிஞ்சியிருந்த 1 ஷில்லிங் பதிவுத் தீர்வையை 1869இலேயே எடுத்துவிட்டிருந்தார்கள்.

இதே அமெரிக்க, ரஷ்யத் தானியத்துக்கு எதிராக ஜெர்மனியும் பிரான்சும் வேறு அமைப்பைத் தேர்ந்தெடுத்தன: எடைக்கு இவ்வளவு என்ற நிலையான தீர்வை. ஜெர்மனியில் 100 கிலோவுக்கு 1880இல் 1 மார்க், 1885இல் 3, 1887இல் 5. பின் வணிக ஒப்பந்தங்களால் 3.50. பிரான்சில் கோதுமைக்கு 1885இல் 3 பிராங்க், 1887இல் 5, 1894இல் 7. சராசரிக் கணக்கு இல்லை, இறக்குமதியைத் திறக்கும் வாசல் விலை இல்லை, எந்த வாரம் எடுத்தாலும் ஒரே தீர்வை. கிடங்கில் காத்திருப்பதில் தனி லாபமும் இல்லை. நகரத் தொழிலாளியின் ரொட்டி விலை ஏறியது என்ற குறை அப்படியே இருந்தது. கிழக்கு ஜெர்மனியின் பெருநிலக்காரர்களே முதல் பயனாளிகள் என்ற குறையும் இருந்தது. ஆனால் 1838 செப்டம்பர் போன்ற ஒன்று அந்த அமைப்பால் நடக்கவில்லை. 1894இல் ஜெர்மனி ஒரு படி மேலே போய், தானியம் ஏற்றுமதி செய்தவருக்கு, அதே மதிப்புக்குத் தீர்வையின்றி இறக்குமதி செய்யும் சான்று கொடுத்தது. உபரி மிகுந்த கிழக்குப் பகுதி வெளியே விற்றும், பற்றாக்குறையான மேற்குப் பகுதி வெளியிலிருந்து வாங்கியும் சமாளிக்க முடிந்தது.

ஏறியிறங்கும் தீர்வை 1962இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் மீண்டும் வந்தது. இந்தமுறை அது உள்நாட்டுச் சராசரியைப் பார்க்கவில்லை. முன்கூட்டியே நிர்ணயித்த வாசல் விலைக்கும் அன்றன்றைய உலகச் சந்தையின் மிகக் குறைந்த விலைக்கும் உள்ள வித்தியாசமே தீர்வை. எனவே இறக்குமதியாளர் உள்நாட்டு விலையை ஏற்றிவிட்டுத் தீர்வையைக் குறைக்க வழியில்லாமல் போனது. 1828இன் ஓட்டை அடைபட்டது. ஆனால் கூடவே அரசே குறைந்தபட்ச விலையில் கொள்முதல் செய்ததால், விலை விழாமல் விளைச்சல் மட்டும் பெருகி, உபரியை மானியம் கொடுத்து வெளிநாட்டில் தள்ளவேண்டி வந்தது. உருகுவே சுற்று என்ற உலக வணிகப் பேச்சுவார்த்தையின் உடன்பாட்டின்படி 1995 முதல் அந்த மாறும் தீர்வை கைவிடப்பட்டு, நிலையான சுங்க வீதமாக மாற்றப்பட்டது.